தூக்கும்போது அடங்காத கால்

என் நடையில் எங்கே கோளாறு என்பதை முதன்முதலில் சரியாகக் கண்டுபிடித்தவர் சோமனூரில் செருப்புத் தைக்கிற ஒருவர். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். வலது செருப்பை ஓரமாக வைத்துவிட்டு இடது செருப்பை மட்டும் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, ரெண்டும் ஒட்டுக்கா வாங்குனதுதானுங்களே? எடதுல மட்டும் மூக்கு இத்தனை தேஞ்சிருக்குது. ஊனறப்பத் தேயற தேய்மானம் இல்லீங்க இது. தூக்கறப்பத் தேயுது.”

தூக்கறப்ப. அந்த வார்த்தை எனக்கு முழுதாகப் புரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. பக்கவாதத்தில் விழுந்த என் இடது காலின் அந்த ஒன்றரை வருஷக் கதைதான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும். ஒற்றைக் கையால் ஃபோனில் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விசைத்தறி ஃபிட்டர். முப்பத்தொரு வருஷம். சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம், பல்லடம் என்று எந்த ஊர்த் தறிக்குடோனில் நுழைந்தாலும் வாசற்படியில் நின்றே எந்தத் தறி நோவு சொல்கிறது என்று காதால் பிடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, முப்பது வருஷம் அந்த இரைச்சலில் நின்றால் யாருக்கும் வரும். மற்ற சத்தமெல்லாம் காதில் விழாமல் போவதும் கூடவே வரும். அது என் வீட்டுக்காரியின் புகார்.

2022 தை மாதம், பொங்கல் நோம்பி முடிந்து தறி ஓட ஆரம்பித்த வாரம். காலை ஆறரை மணிக்கு ஒரு குடோனில் பிக்கிங் ஸ்டிக் மாற்றிக்கொண்டிருந்தேன். இடது கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. எண்ணெய்க் கை, வழுக்குகிறது என்று துடைத்துக்கொண்டேன். எழுந்து நின்றால் இடது கால் என்னுடையது மாதிரி இல்லை. குடோன்காரர் வரக்காப்பி கொடுத்தார். ஒரு பக்கமாக வழிந்தது. எட்டு மணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்த்து, வாயுப் பிடிப்பு என்று ஊசி போட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார்கள். நானும் போய்த் தூங்கினேன். கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி.

அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர் முதலில் கேட்டது, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தீங்க?” ஆறரைக்கு முன்னால் என்றேன். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட வழி இருந்திருக்கும் என்றார். பதினொன்றுக்குள் வந்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் ஆசாரத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். வாய் கோணினால், கை நழுவினால், பேச்சுக் குழறினால் தூங்காதீர்கள். 108-க்கு அடியுங்கள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

அடைப்பு மூளையின் வலது பக்கம். கை காலுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு இழைகள் மூளையின் மேல்பரப்பிலிருந்து இறங்கி, நடுவில் ஒரு குறுகலான சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு வருமாம். அகலமான ரோடெல்லாம் ஒரு ரயில்வே கேட்டில் வந்து முட்டுகிற மாதிரி. அந்தச் சந்துக்குப் போகிற மெல்லிய ரத்தக்குழாயில் அடைப்பு. அதனால் அடைப்பு சின்னது, சேதம் பெரிசு. இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிக்கொள்வதால் வலது மூளையில் அடைத்தால் இடது பக்கம் விழுகிறது.

முதல் மூன்று வாரம் இடது கால் பாவு நூல் சுற்றாத பீம் உருளை மாதிரி கிடந்தது. தூக்கிப் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். டாக்டர் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால்கூட அசையவில்லை. ஒரம்பரை எல்லாம் வந்து போனார்கள். எங்கள் பெரியப்பா மகன் ஒரு கூண்டில் நாலு புறாவோடு வந்துவிட்டார். வாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்க வேண்டுமாம். என் மகள் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, பொடக்காலிக்குக் கூட்டிப்போய்ப் புறாவைத் திறந்துவிட்டாள். ரெண்டு புறா இன்னும் எங்கள் வீட்டு ஓட்டில்தான் இருக்கின்றன.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் போர்வையை வெடுக்கென்று இழுத்தபோது இடது கால் தானாக உதைத்தது. வீடே கூடிவிட்டது. “கால்ல உசுரு வந்துருச்சு சாமி” என்று அம்மா மஞ்சள் துணியில் அவிநாசியப்பனுக்குக் காசு முடிந்து வைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறுநாள் வந்த ஃபிசியோ மட்டும் சந்தோஷப்படவில்லை. அவிநாசிப் பக்கத்துப் பெண், என் மகளைவிட ரெண்டு வயசு சின்னவள் இருக்கும். இடது பாதத்தை உள்ளங்கையில் தாங்கி, சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தாள். பாதம் டகடகடகவென்று அடிக்க ஆரம்பித்தது, வினாடிக்கு அஞ்சாறு அடி. தையல் மிஷின் மிதித்த மாதிரி. நான் அடிக்கவில்லை. நிறுத்தவும் என்னால் முடியவில்லை. அவள் கையை எடுத்ததும்தான் நின்றது. அப்புறம் உள்ளங்காலின் ஓரத்தில் சாவியால் ஒரு கோடு இழுத்தாள். கட்டைவிரல் வானத்தைப் பார்த்தது. இது 1896-ல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிவைத்த அடையாளம், மூளையிலிருந்து வருகிற வழி அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம் என்றாள்.

எனக்கு ஒரு கேள்வி குடைந்தது. லைன் அறுந்திருந்தால் கால் சும்மா அல்லவா கிடக்க வேண்டும்? கரண்ட் இல்லாத மோட்டார் எப்படி முன்னைவிட வேகமாகச் சுற்றும்?

“நல்ல கேள்வி கேட்டீங்கண்ணா” என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். தசைக்குள்ளே நூல் கதிர் மாதிரி சின்னச் சின்ன உணர்கருவிகள் இருக்கின்றன. தசை திடீரென்று இழுபட்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கே ஒரே ஒரு இணைப்பு. செய்தி உடனே திரும்பி அதே தசைக்கு வந்து, சுருங்கு என்று சொல்லும். கெண்டைக்காலுக்கு இந்தப் போக்குவரத்து முழுவதும் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். மூளை வரைக்கும் போகவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அனிச்சைச் செயல் என்று படித்தோமே, அதுதான். மூளைக்கு இதில் வேறொரு வேலை: எப்போது உரக்க, எப்போது மெதுவாக என்று குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பது. என் மூளையின் வலது பக்கத்துக்கும் அந்தக் குமிழுக்கும் இருந்த வழியில்தான் கேட் விழுந்துவிட்டது. முதல் வாரங்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் ஊமையாகக் கிடந்தது. விழித்தபோது அதட்ட ஆளில்லை.

சரி, சத்தம் அதிகமாகிவிட்டது, குறைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். டாக்டரும் அப்படித்தான் பாக்லோஃபென் மாத்திரை எழுதினார். கால் கொஞ்சம் இளகியது. கூடவே நானும் இளகி, சாப்பாட்டு வட்டலுக்கு முன்னால் தூங்கி விழுந்தேன். ஆறு மாதத்தில் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கினேன். நடை என்று சொல்கிறேன், இடது காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி, முன்பாதத்தைத் தரையில் சர்ரென்று உரசி வைப்பது. வீட்டுக்காரி சமையல்கட்டில் இருந்தபடியே சொல்லுவாள், “டக்கு… சர்ரு. வந்துட்டாருங்கொ.” அந்தச் சர்ரில்தான் செருப்பின் மூக்குத் தேய்ந்தது.

செருப்புக்காரர் சொன்னதை ஃபிசியோவிடம் சொன்னேன். “அவருக்கு என்ற சம்பளத்தைக் கொடுத்தர்லாமுங்கண்ணா” என்று சிரித்துவிட்டு, என்னை ஆசாரத்தில் மெதுவாக நடக்கவிட்டுக் காட்டினாள். கால் தரையில் ஊன்றியிருக்கும்போது உடம்பு முன்னால் போகிறது. பாதம் அங்கேயே இருக்க, முட்டி பாதத்துக்கு மேல் உருண்டு முன்னேறுகிறது. அப்போது கெண்டைக்கால் சதை இழுபடும். இழுபட்டதும் அனிச்சை வந்து சுருக்கும். அது நல்லது. ஊன்றிய கால் மடங்காமல் நிற்கவும், பின்னாலிருந்து உந்தவும் அது கைகொடுக்கிறது. அடுத்து அந்தக் கால் தரையை விட்டு எழும்பி முன்னால் வீசுகிறது. பாதம் தரையில் இடிக்காமல் இருக்க, முன்பக்கத் தசை பாதத்தை மேலே தூக்கும். பாதம் மேலே வந்தால் பின்னால் கெண்டைச் சதை மறுபடியும் இழுபடும். இப்போதும் அனிச்சை வந்தால்? விரல் கீழே குத்தும். அதனால் நல்ல காலில் அந்த நேரம் மட்டும் தண்டுவடம் அனிச்சையின் வாயைப் பொத்திவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் திறந்து மூடி, திறந்து மூடி. நமக்குத் தெரியாமல் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை!

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. இது என் தொழில்.

தறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாவு நூல் ரெண்டாகப் பிரிந்து மேலும் கீழும் வாய் திறக்கும். அந்த வாய்க்குள்ளே நாடா என்கிற படகு மாதிரிக் கட்டை ஒரு பெட்டியிலிருந்து எதிர்ப் பெட்டிக்குப் பறக்கும், ஊடை நூலை இழுத்துக்கொண்டு. வாய் மூடும், அச்சு வந்து அடிக்கும், மறுபடி திறக்கும். எங்கள் பக்கத்துச் சாதாத் தறியில் நிமிஷத்துக்கு 120 தடவை, கூடக்குறைய. நாடாவை அடித்து அனுப்புவது கீழ் ஷாஃப்டில் இருக்கிற கேம், ஒரு பக்கம் மூக்கு வைத்த சக்கரம். அந்தக் கேமின் போல்ட் தளர்ந்து ஒரு நூல் அளவு நகர்ந்துவிட்டால் போதும், அடி அதே வலுவோடுதான் விழும். ஆனால் வாய் மூடுகிற நேரத்தில் விழும். நாடா உள்ளே சிக்கி, பாவு ஒரு முழ அகலத்துக்கு அறுந்து தொங்கும். தறிக்காரர் ஓடி வந்து, “அடி ஜாஸ்தியாயிருச்சு மேஸ்திரி, கொறைங்க” என்பார். புது ஃபிட்டர் குறைப்பான். குறைத்தால் நாடா எதிர்ப் பெட்டிக்கே போய்ச் சேராது. அனுபவப்பட்டவன் அடியைத் தொடமாட்டான், நேரத்தைப் பார்ப்பான்.

அதற்குப் பிறகு நான் அவளை விடவில்லை. வாரம் ரெண்டு நாள் வருவாள், ரெண்டு நாளும் கேள்வி. அவளும் சலிக்காமல் படித்துவிட்டு வந்து சொல்வாள். 1910-ல் பால் ஹாஃப்மன் என்ற ஜெர்மன்காரர் சுத்தியல் இல்லாமல் இந்த அனிச்சையை எழுப்ப ஒரு வழி கண்டுபிடித்தார்: முட்டிக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் நரம்பின் மேல் சின்னதாகக் கரண்ட் தொட்டால், கெண்டைச் சதை பதில் சொல்லும். அவர் பேரின் முதல் எழுத்தை வைத்து அதற்கு ஹெச் ரிஃப்ளெக்ஸ் என்று பேர். 1986-ல் கனடாவில் கப்படே, ஸ்டைன் என்று ரெண்டு பேர், ஆரோக்கியமான ஆட்களை நிற்கவைத்தும் நடக்கவைத்தும் அதே கரண்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். நிற்கும்போது பதில் பெரிசு. நடக்கும்போது சின்னது. நடையிலும் ஊன்றுகிற பகுதியில் படிப்படியாக ஏறி, காலை வீசுகிற பகுதியில் கிட்டத்தட்ட காணாமலே போனது. மறுவருஷம் ஓடவிட்டுப் பார்த்தால் நடையைவிடவும் சின்னது. யோசித்தால் ஆச்சரியம்தான். ஓடும்போதுதான் தசை பலமாக வேலை செய்கிறது, அனிச்சையோ அடங்கிப்போகிறது. தசை வேலை செய்கிற அளவைப் பார்த்து அனிச்சை தானாக ஏறி இறங்குவதில்லை, அதைத் தனியாக யாரோ திருப்புகிறார்கள் என்று அர்த்தம். பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போகிறது. வீசும்போது அடங்க வேண்டியது அடங்குவதில்லை.

படித்ததோடு நிற்காமல் அவள் இன்னொன்றும் செய்தாள். அவளுக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி கோயம்புத்தூரில் மேல்படிப்புக்காக இதையே அளந்துகொண்டிருந்தாள். ஆள் வேண்டும் என்றாளாம். “வர்றீங்களாண்ணா?” டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குவதே எனக்கு ஒரு நாள் கூலி வேலை மாதிரி. ஆனாலும் போனேன்.

கூரையிலிருந்து தொங்குகிற வாரில் விழாமல் கட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். ரெண்டு கெண்டைக்காலிலும் ஒட்டுவில்லை, முட்டிக்குப் பின்னால் ஒரு கரண்ட் வில்லை, செருப்புக்கு அடியில் எந்த நேரம் ஊன்றுகிறேன் என்று சொல்கிற ஒரு பித்தான். நடக்க நடக்க அடியின் வெவ்வேறு நேரத்தில் சுள்ளென்று ஒரு கிள்ளு. எறும்பு கடி அளவுதான். முதலில் வலது கால், அப்புறம் இடது. முடிந்ததும் அந்தப் பெண் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாள். வலது காலுக்கான கோடு ஊன்றுகிற இடத்தில் மலையாக ஏறி, வீசுகிற இடத்தில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இடது காலுக்கான கோட்டில் மலையே இல்லை. மேட்டுக்காடு மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே உசரம்.

ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வருஷமாக நான் செருப்பில் தேய்த்துக்கொண்டிருந்தது அங்கே படமாக இருந்தது.

“நல்ல கால் எவ்வளவு அழகா அடங்குது பாருங்க” என்றேன். அவள் சங்கடமாகத் தலையாட்டினாள். “அதையும் நல்ல கால்னு சொல்லிர முடியாதுங்கய்யா. எல்லா இழையும் அந்தப் பக்கம் மாறுறதில்ல. வாதம் வந்தவங்களுக்கு மத்தக் கால்லயும் கொஞ்சம் வித்தியாசம் வரும்.” அன்றைக்கு எனக்கு அது வேண்டாத சேதி. வீட்டில் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன்.

ஊருக்கு வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் டைமிங் டைமிங் என்று பேச ஆரம்பித்தேன். டீக்கடையில் ஒருத்தர், “மேஸ்திரி மண்டைய ரிப்பேர் பண்ணி உள்ள கேம் வெச்சுட்டாங்க” என்றார். ஃபிசியோ ஒரு நாள் என்னை உட்காரவைத்துக் காற்றை இறக்கினாள். ஜெர்மனியில் பெர்கர், டீட்ஸ் ஆகியோர் குழு 1984-ல் எழுதியதாம்: வாதக் காலில் சுத்தியலால் தட்டினால் அனிச்சை எகிறுகிறது என்பது உண்மை. ஆனால் நடக்கும்போது அதே கெண்டைத் தசையில் மின்சார ஓட்டத்தை அளந்தால், நல்ல காலைவிடக் குறைவாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் தசை விறைத்து நிற்கிறது. அதாவது விறைப்பு முழுவதும் அனிச்சையால் வருவதில்லை. மாதக்கணக்கில் ஒரே மாதிரி கிடந்ததில் தசையே குறுகி, தோல்வார் மாதிரி இறுகிவிடுகிறது. “கேம் தப்புத்தானுங்கண்ணா. ஆனா பெல்ட்டும் காஞ்சு போச்சு. கேமை மட்டும் சொல்லிட்டு பெல்ட்டுக்கு எண்ணெய் போடாம இருக்கறீங்க.”

பதில் சொல்ல வாயில்லை. அவள் கொடுத்த நீட்டுப் பயிற்சியை நான் ரெண்டு மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தச்சரிடம் சொல்லி வேப்பம் பலகையில் ஒரு சாய்வுக்கட்டை செய்துவாங்கினேன். காலையில் பொடக்காலிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நிற்கிறேன், குதிகால் தாழ, விரல் மேலே. இதில் ஒரு ரகசியம் உண்டு. வெடுக்கென்று ஏறினால் தையல் மிஷின் ஓடும். மெல்ல, நூல் கோக்கிற மாதிரி ஏறினால் கால் ஒன்றும் சொல்லாது. எத்தனை வேகமாக இழுக்கிறோமோ அத்தனை எதிர்ப்பு என்பதைத்தான் 1980-ல் லான்ஸ் என்ற நரம்பு டாக்டர் இந்த விறைப்புக்கே இலக்கணமாக எழுதினாராம். லான்ஸைப் படிக்காத எங்கள் ஊர் கண்டக்டர்கள், “சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க” என்று விசில் ஊதுகிறார்கள். ஊதிய அந்த நொடியே என் கால் கட்டையாகிவிடும். பதற்றம், குளிர், அவசரமாக ஒண்ணுக்கு வருவது, எல்லாமே அதை இறுக்கும். மார்கழியில் நான் பாதி மனிதன்.

டாக்டர் பரிசோதிக்கும் விதத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கட்டிலில் படுக்கவைத்துப் பாதத்தைப் பிடித்து மடக்கிப் பார்த்து மார்க் போடுவார்கள். ஆஷ்வொர்த் அளவுகோல் என்று பேர், 1964-ல் வந்து 1987-ல் திருத்தினது. பூஜ்யத்திலிருந்து நாலு வரை. எனக்கு ரெண்டு. ஆறு மாதம் கழித்தும் ரெண்டு. அதற்குள் நான் கோலில்லாமல் டீக்கடை வரை நடக்கிறேன். ஓடாமல் நிறுத்தியிருக்கிற தறியைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓடினால் இப்படித்தான் ஓடும் என்று எந்த ஃபிட்டரும் சொல்லமாட்டான்.

தசையைத் தளர்த்துகிற போட்டுலினம் ஊசி ஒரு தடவை போட்டேன். கெண்டைச் சதையில் நாலு இடம். விலை சொன்னால் வீட்டுக்காரி இதைப் படித்துவிடுவாள். பத்து நாளில் கால் லேசானது, விரல் உரசுவது குறைந்தது. சந்தோஷமாக வயக்காட்டு வழியில் இறங்கினேன், ஊன்றின கால் முட்டியோடு முன்னால் சரிந்தது. அடியைக் குறைத்ததில் வேண்டாத இடத்தில் குறைந்தது, வேண்டிய இடத்திலும் குறைந்தது. கிட்டத்தட்ட மூணு மாதம் வேலை செய்தது. நிறைய பேருக்கு அது பெரிய உதவி, போடவேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மறுபடி போடத் தோன்றவில்லை.

பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கிறது. கெண்டைக்காலுக்குப் பின்னால் இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் போகும். ஷூவுக்குள் போட வேண்டும். அருமையான சாமான், ஆனால் அதைச் செய்தவர்கள் செருப்பை வாசலில் விடுகிற ஊரை நினைத்துச் செய்யவில்லை. அம்மா முடிந்துவைத்த காசைச் செலுத்த அவிநாசி கோயிலுக்குப் போனோம். முதலை விழுங்கிய பிள்ளையைத் திருப்பி வாங்கித் தந்த சந்நிதி, என் காலை விட்டுவிடுமா என்பது அம்மாவின் கணக்கு. பட்டையைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, மார்கழிக் காலை கருங்கல்லில் வெறுங்காலை வைத்தேன். டகடகடக. கொடிமரத்துக்கு முன்னால் என் கால் தனியாகத் தாளம் போடுகிறது. ஒரு பாட்டி கும்பிட்டுவிட்டுப் போனாள், சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள் போல. குதிகாலைத் தரையில் அழுத்தி, உடம்பு எடையை மெல்ல அதன் மேல் போட்டதும் நின்றது. அது எனக்குத் தெரிந்த வித்தை. அம்மா மட்டும் சாமிதான் நிறுத்தியது என்கிறாள்.

நடைக்கு இப்போது உண்மையில் உதவுவது எங்கள் தெருவின் தறிச்சத்தம். வீட்டிலிருந்து டீக்கடை வரை ரெண்டு பக்கமும் குடோன். தாளத்துக்கு நடந்து பழகுங்கள், சீராக வரும் என்று ஃபிசியோ ஃபோனில் ஏதோ டிக்டிக் இறக்கிக் கொடுத்தாள். தறி இரைச்சலில் அது கேட்டால்தானே. தறிக்கே நடந்து பார்த்தேன். நிமிஷத்துக்கு 120 என்பது நல்ல கால்காரர்கள் விறுவிறுவென்று நடக்கிற வேகம், எனக்கு ஆகாது. தறியின் ரெண்டு அடிக்கு நான் ஒரு எட்டு என்று வைத்தேன். அறுபது. கீழ் ஷாஃப்டும் ரெண்டு அடிக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றும், ஆக நான் நடப்பது கீழ் ஷாஃப்ட் கணக்கு. தூக்குகிற நேரம் முன்கூட்டியே தெரிவதால் முட்டியை மடக்கித் தூக்க ஒரு அவகாசம் கிடைக்கிறது. சர்ரு பாதியாகக் குறைந்துவிட்டது. தண்டுவடத்துக்குள்ளே குமிழ் திரும்பியதா, நான்தான் சுற்றுவழி பழகிக்கொண்டேனா என்றால், மறுபடி ட்ரெட்மில் ஏறி அளந்தால்தான் சொல்லலாம். அந்த மாணவி படிப்பு முடிந்து போய்விட்டாள்.

கரண்ட் போனால்தான் சிக்கல். தெரு மொத்தமும் ஒரே நொடியில் ஊமையாகும். நான் நடு ரோட்டில் ஒற்றைக் காலைத் தூக்கினபடி நிற்பேன். ஒரு தடவை என் பேத்தி கூட இருந்தாள். “அப்புச்சி, உனக்கும் கரண்டு போயிருச்சா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. நானும் ஓடுவதில்லை.

போன வாரம் செருப்பைத் தூக்கிக்கொண்டு பழைய ஆளிடமே போனேன். மூக்கைக் காட்டி, பாருங்க, எட்டு மாசம் ஆச்சு, தேயவே இல்லை என்றேன். அவர் மூக்கைப் பார்க்கவில்லை. கவிழ்த்து அடிப்பக்கத்தை வெயிலில் பிடித்தார்.

“மூக்கு செரியாத்தானுங்க இருக்குது. இப்ப வெளி ஓரம் தேயுதே. பாதம் வெளிய சாஞ்சு ஊனறீங்க. இது தூக்கறப்ப இல்லீங்ணா, ஊனறப்ப.”

பழைய சைக்கிள் டயரில் ஒரு துண்டு வெட்டி வெளி ஓரத்தில் வைத்து ஒட்டி, நாலு ஆணி அடித்தார். முப்பது ரூபாய். திங்கட்கிழமை ஃபிசியோ வருகிறாள், செருப்பைக் கழுவாமல் வைத்திருக்கிறேன்.